மனசுக்குப் பாதி, காலுக்குப் பாதி

தையற்கலைஞர் சங்கத்தையும் தாங்கி, சங்கத்துச் சண்டைகளையும் தாங்கி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடினாலும், என் வெட்டில் குறை காணக் கண்ணாடியே தேவைப்படாத பெரியோர்களே! மிஷினை மிதித்து மிதித்தே பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மார்களே! கட்டிங் அக்காவின் கனிவான வணக்கம்.

நாற்காலியா? வேண்டாம் தம்பி, எடுத்துக்கொண்டு போ. நான் நின்றுதான் பேசுவேன். ஏன் நிற்கிறேன் என்பதுதான் இன்றைய பேச்சே!

இருபத்திரண்டு ஆண்டுகள் வெட்டுமேசை முன் நின்ற கால்கள் இவை. சர்க்கரை வந்தது, சர்க்கரையோடு எரிச்சலும் வந்தது. எப்படிப்பட்ட எரிச்சல்? இஸ்திரிப் பெட்டிமேல் ஏறி நின்றது போன்ற எரிச்சல்! போர்வை பட்டால் எரியும், பாதம் பதித்தால் எரியும். டாக்டரம்மா டுலோக்செட்டின் என்று ஒரு கேப்ஸ்யூல் எழுதினார். "மெல்லத்தான் வேலை செய்யும், சில வாரம் பொறுங்க" என்றார். பொறுத்தேன். இரண்டு மாதத்தில் எரிச்சல் பாதியானது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தார்.

"ஏய், இதுல மனச்சோர்வுக்கான மருந்துன்னு போட்டிருக்கு!"

"யாருக்கு மனச்சோர்வு? எனக்கா? அப்ப என் வலி பொய்யா? அந்தம்மா என்னைப் பைத்தியம்னு முடிவு கட்டிட்டாங்களா?"

சிரிக்காதீர்கள் அக்கா! உங்கள் வீட்டில் நடந்திருந்தால் நீங்களும் இதே குதிதான் குதித்திருப்பீர்கள்.

அதே தாளில் நரம்பு வலிக்கும் இதுதான் மருந்து என்று இருந்தது. வெட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? மனசுக்குப் பாதி, காலுக்குப் பாதி என்று நானே அளவெடுத்தேன். கேப்ஸ்யூலைக் கத்தரித்தேன். உள்ளே குட்டிக் குட்டி உருண்டைகள். மனசுப் பாதியைக் குப்பையில் கொட்டினேன். கால் பாதியை வாயில் கொட்டினேன்! எந்தப் பாதி எதற்கென்று எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார்! நாலு நாளில் அதையும் அடியோடு நிறுத்தினேன்.

தலை சுற்றியது. மண்டைக்குள் கரண்ட் அடித்தது போலச் சுரீர் சுரீர் என்றது. கத்தரி கோட்டை விட்டு ஓடியது. அடுக்கி வைத்த முப்பது சட்டைத் துணிக்கும் ஒரே நொடியில் இடது தோள் போயிற்று! முதலாளி சத்தம்கூடப் போடவில்லை. "இனிமே நீ உக்காந்து பட்டன் வைம்மா" என்றார். கத்தரி இல்லாமல் நான் யார்? அன்றைக்கு அழுதேன் ஐயா, அப்படி அழுதேன்.

வீட்டுக்காரரோடு போனேன். டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அதைப் பிரிக்கக் கூடாதும்மா, முழுசா விழுங்கணும். நிறுத்தறதுன்னா எங்கிட்டக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

"அது இருக்கட்டும். எனக்கு வலியா, மனசா?"

"உங்க வலி நிஜம். வலியை அடக்கச் சொல்லி மூளை முதுகுத்தண்டு வழியா சேதி அனுப்புது. அதுக்கு உதவுற ரெண்டு ரசாயனம்தான் மனசுக்கும் உதவுது. உங்க கத்தரி சட்டையும் வெட்டுது, பாவாடையும் வெட்டுது இல்ல?"

இதைவிட எனக்கு எப்படிச் சொல்வது! எழுந்தேன். வீட்டுக்காரர் எழவில்லை.

"வாங்க, போகலாம்."

"இரு. எனக்கும் ஒண்ணு கேக்கணும். ஆறு மாசமாத் தூக்கமில்ல டாக்டர். எதுலயும் மனசு ஒட்டல. காலையில கண்ணு முழிக்கவே பிடிக்கல."

பக்கத்தில் படுத்தவள் நான்! என் கால் எரிந்தது எனக்குத் தெரிந்தது. அவர் மனம் எரிந்தது எனக்குத் தெரியவில்லையே!

டாக்டரம்மா சொன்னபடி மறுபடியும் சின்ன அளவில் தொடங்கினேன். குமட்டியது, வாய் வறண்டது, மறைக்காமல் அவரிடம் சொன்னேன். எரிச்சல் முழுதாகப் போகவில்லை. இந்த மருந்து எல்லோருக்கும் கேட்கும் என்று சத்தியமும் செய்யமாட்டேன். ஆனால் கத்தரி என் கைக்குத் திரும்பிவிட்டது! அவருக்கும் அதே மருந்துதான். என் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேனா? மூச்! அவரைப் பார்த்து, அவருக்கென்று எழுதிய தனிச் சீட்டு.

"மேடையில சொல்லட்டுமா?" என்று காலையில் கேட்டேன். "சொல்லு. யாருன்னும் சேர்த்துச் சொல்லு" என்றார்.

மூன்றாவது வரிசை, நீலச் சட்டை. எழுந்திருங்களேன்! என்ன வெட்கம்?

பார்த்தீர்களா, எழுந்துவிட்டார்! காலுக்குச் சாப்பிட்டவள் இங்கே நிற்கிறேன். மனசுக்குச் சாப்பிட்டவர் அங்கே நிற்கிறார். இதில் யார் வெட்கப்பட வேண்டும், சொல்லுங்கள்? பொறுமையாகக் கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் எங்கள் இருவரின் நன்றி, வணக்கம்!