சென்றியைக் கடக்காத சைக்கிள்

— முதல்ல அந்தக் குறிப்பை அழிங்க, ரூபி. மறுகா மத்தக் கதை.

— அழிக்க மாட்டன், நௌபர் நானா. மாடிப்படி ஏறி வந்த களை ஆறுறதுக்கு முதல் என்னோட கத்தாதேங்கோ. அதில என்ன பொய் கிடக்கு? நீங்களே வாசிச்சுச் சொல்லுங்கோ.

— வாசிக்கிறன். ‘உளவாளி ஒன்பதரை விளையாட்டைப் பரிசோதித்த பதினொரு பேரும் கவனக்குறைவாக இருந்ததால் இந்தத் தவறு நேர்ந்தது. வருந்துகிறோம். இப்படிக்கு, ஜெயரூபி.’ உலகம் முழுக்கப் பாக்கிற பக்கத்தில போட்டிருக்கீங்க! புஸ்பராணி அக்கா தையல் கடையைப் பூட்டிட்டு எனக்கிட்ட வந்து அழுதிட்டுப் போறா. ஆறு மாசமா ஒரு சதம் வாங்காம விளையாடிப் பாத்துத் தந்த மனிசி.

— அவ அழுதா நான் என்ன செய்ய? நான் மூண்டு நாளா அழுதுகொண்டுதான் இருக்கிறன். நாலு வருசம், நானா. நாலு வருசம் இந்த அறைக்குள்ள இருந்து எழுதின கேம். வெள்ளிக்கிழமை வெளியில வந்தது, இண்டைக்குத் திங்கள். முந்நூற்றிப் பன்னிரண்டு விமர்சனம். அதில இருநூற்றி எண்பது பேர் ஒரே கதைதான் எழுதியிருக்கினம். மூண்டாவது நிமிசத்தில கேம் உறைஞ்சு போகுதாம்.

— அது எனக்கும் தெரியும்.

— தெரியுமெண்டா கேளுங்கோ. ‘பகிடி நல்லம், பழைய காலத்துக் கட்டம் கட்டமான படமும் நல்லம், சைக்கிள்தான் செத்துப்போச்சு.’ இது ஒண்டு. ‘இதை விக்க முன்னம் ஒருத்தரெண்டாலும் விளையாடிப் பாத்தவரோ?’ இது இன்னொண்டு. பிரேசில்ல ஒருத்தன், ரெண்டு லட்சம் பேர் பாத்துக்கொண்டிருக்க விளையாடுறான். எங்கட உளவாளி கோமளா மீன்காரி வேசத்தில சைக்கிள்ல போறா. வீதியை மறிச்ச சென்றிக் காவலரணில துவக்கோட நிக்கிறவன் வாயைத் திறக்கிறான். அவ்வளவுதான். திறந்த வாய் திறந்தபடி. பிரேசில்க்காரன் சிரிச்சுச் சிரிச்சுக் கதிரையால விழுந்திட்டான். என்ர பகிடிக்கில்லை, என்ர பிழைக்கு!

— சத்தத்தைக் குறைங்க. கீழ இரும்புக்கடையில ஆக்கள் நிக்கிறாங்க.

— நிக்கட்டும்! உள்துறைமுக வீதி முழுக்கக் கேக்கட்டும்! வெளியீட்டுக் கொம்பனிக்காரர் அனுப்பினதைப் பாத்தனீங்களோ? இண்டைக்கு நாலு மணிக்குள்ள திருத்தி ஏத்தாட்டில் கேமைத் தூக்கிப்போடுவினம். திரும்பப் போடவே மாட்டினம். இப்ப ரெண்டே முக்கால்.

— அப்ப உக்காந்து திருத்துங்க. குறிப்பு எழுத நேரம் இரிந்திச்சு, திருத்த நேரமில்லையா?

— கண்டறியாத கதை கதைக்காதேங்கோ! என்ன பிழையெண்டு தெரிஞ்சாலெல்லோ திருத்திறது? என்ர கொம்பியூட்டர்ல உறையேல்லை. உங்கடையில உறையேல்லை. இந்த ஊரில ஒருத்தற்றையிலயும் உறையேல்லை. விளையாடிப் பாத்து ரெஸ்ற் பண்ணுற வேலை உங்கட பொறுப்பு, நானா. நீங்கள்தான் ஆக்களைச் சேத்தனீங்கள். ஆறு மாசம் என்ன செய்தவை? தேத்தண்ணி குடிச்சவையோ?

— அந்தத் தகர ரின்னைக் கீழ வைங்க. எறியவா போறீங்க?

— மீன் ரின்தானே. உங்கட தலை தாங்கும்.

— அதைப் பாத்துத்தான் நான் கேமுக்கு மீன் ரின் குண்டுப் படம் கீறினனான். அதையெண்டாலும் எல்லாரும் நல்லமெண்டு எழுதியிருக்காங்க.

— ஓம், மீன் ரின் குண்டு நல்லமாம். ரகசியக் கடதாசியைத் தின்னுற மானும் நல்லமாம். நீங்கள் கீறினதெல்லாம் நல்லம். நான் எழுதினதுதான் குப்பை. சென்றிக்காரனுக்கு மட்டும் அறுபத்திநாலு பகிடி எழுதினனான், தெரியுமோ? உலகத்தில ஒருத்தனும் கேக்கேல்லை. அதுக்கு முதலே உறைஞ்சு போகுது.

— முப்பத்திரண்டு பேர் கேட்டிருக்காங்களே. மிச்சமிரிக்கிற விமர்சனம்.

— அதுகள் ஆரோ சொந்தக்காரராயிருக்கும். விடுங்கோ.

— சரி, விட்டன். இந்தப் பெட்டிக்குள்ள என்ன இரிக்கு தெரியுமா? பதினொரு பேரும் விளையாடின வீடியோ. ஒரு ஆட்டம் விடாம எல்லாம் பதிஞ்சு வச்சிருக்கன். கவனக்குறைவு எண்டீங்களே, எங்கயெண்டு எனக்குக் காட்டுங்க. காட்டினா நானே குறிப்புக்குக் கீழ கையெழுத்து வைக்கிறன்.

— போடுங்கோ. பாப்பம்.

— இது புஸ்பராணி அக்கா. கோமளா வாறா. சென்றி வருது. இறங்கிறா, சைக்கிளை உருட்டிறா. அவன் ‘பெட்டியில என்ன மீன், பாரையோ சூரையோ’ எண்டு கேக்கிறான். இவ மிளகாய்த்தூள் துவக்கால அடிக்கிறா. தும்மித் தும்மிக் கடலுக்குள்ள விழுறான். எங்க உறைஞ்சது?

— அடுத்தது.

— தர்மிகன். இறங்கி, உருட்டி, பாரையோ சூரையோ, தும்மல், கடல். இது ஸல்ஹா. இறங்கி, உருட்டி, இவ ரெண்டு தரம் அடிக்கிறா. இதில என்ன கவனக்குறைவு?

— பிரேசில்க்காரனையும் போடுங்கோ. பக்கத்தில வச்சு ஒண்டாப் பாப்பம்.

— இந்தா. கோமளா வாறா. சென்றி வருது. வாயைத் திறக்கிறான்...

— நிப்பாட்டுங்கோ! கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ. இன்னும் கொஞ்சம். அவன் இறங்கேல்லை.

— என்ன இறங்கேல்ல?

— சைக்கிளால இறங்கேல்லை, நானா! ஏறியிருந்தபடி சென்றியைத் தாண்டுறான். அதுதான் உறையுது. உருட்டிக்கொண்டு வாறவளுக்குத்தான் அறுபத்திநாலு பகிடியும் எழுதியிருக்கு. சைக்கிள்ல ஏறி ஓடிக்கொண்டு போறவளுக்கு ஒரு சொல்லும் எழுதேல்லை. சென்றிக்காரன் வாயைத் திறந்திட்டு, சொல்ல ஒண்டுமில்லாம நிக்கிறான்.

— அல்லாஹ்! மூண்டு நாளா இதையா பாத்துக்கொண்டிருந்தம்?

— நூறு தரம் பாத்திருப்பன் இந்த வீடியோவை. கண்ணில படேல்லை. எங்கட ஆக்கள் எத்தனை தரம் சென்றிக்கு வந்திருப்பினம்?

— அந்தத் தொகை இதிலயே இரிக்கு. அறுநூற்றி நாப்பது தரம். அறுநூற்றி நாப்பது தரமும் இறங்கியிருக்காங்க.

— அப்ப குறிப்பில நான் எழுதினது சரிதானே! ஒருக்கா, ஒரேயொருக்கா, ஒரு விசரன் ஏறிக்கொண்டு போயிருந்தா எனக்கு ஆறு மாசத்துக்கு முன்னமே தெரிஞ்சிருக்கும். ஆர் இறங்கச் சொன்னது? கேம்ல எங்கயெண்டாலும் எழுதியிருக்கோ?

— இல்ல.

— சென்றிக்காரன் இறங்கெண்டு சொல்றானோ?

— இல்ல.

— பிறகேன் இறங்கினவை? நீங்களும் அந்தப் பதினொண்டில ஒராள். நீங்கள் ஏன் இறங்கினனீங்கள்?

— சென்றி வந்திச்சு, இறங்கினன்.

— அதுதான் ஏனெண்டு கேக்கிறன்!

— என்ன ரூபி, தெரியாத ஆள் மாதிரிக் கேக்கிறீங்க? சென்றியடியில ஏறிக்கொண்டு போவாங்களா?

— இது கேம், நானா! தும்முற சென்றிக்காரன்! துறைமுகத்துக்குப் போத்தல் மூடி போடப்போறன் எண்டு திரியுற வில்லன்!

— தெரியும். மூடியைக் கீறினது நான்.

— சண்டை முடிஞ்சு பதினாறு வருசம்! சென்றி இருந்த இடத்தில ஐஸ்கிறீம் விக்கிறான். சரி, புஸ்பராணி அக்கா பழைய ஆள். ஸல்ஹாக்கு இருபது வயசு. அவள் சென்றியைக் கண்டிருக்கவும் மாட்டாள். அவள் ஏன் இறங்கினவள்?

— அவட உம்மா பக்கத்தில இருந்து சோறு தீத்திக்கொண்டு இருந்தாவாம். சென்றியைக் கண்டதும் ‘இறங்கு புள்ள, இறங்கு’ எண்டு கத்தினாவாம். மறுகா உம்மா இல்லாத நாளும் இவ இறங்கியிருக்கா.

— பயந்த சனம். நல்ல சனம் பிடிச்சுக்கொண்டு வந்தீங்கள், நானா. உங்களுக்கு நான் ஏன் இந்தக் கேமை எழுதினனான் எண்டு தெரியுமோ? சாம்பல்தீவிலயிருந்து ரவுணில இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு வர ஒரு நாளைக்கு ஆறு சென்றி. ஆறிலயும் இறங்கி உருட்ட வேணும். ஒருநாள் ஒருத்தன் என்ர சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, விரலால கிண்டிப் பாத்திட்டு, மூடித் தந்திட்டுச் சிரிச்சவன். அண்டைக்குப் பட்டினி. உவங்களை ஒருநாள் தும்மித் தும்மிச் சாக வைப்பன் எண்டு அண்டைக்கு நினைச்சனான். அதுக்குத்தான் இது. குனிஞ்ச தலையோட உருட்டிக்கொண்டு போறதுக்கில்லை!

— குனிஞ்ச தலையோட உருட்டினதாலதான் என்ட வாப்பா ஒவ்வொரு நாளும் உசிரோட கிண்ணியாவுக்குத் திரும்பி வந்தார். எங்களுக்கு அவர் படிப்பிச்ச முதல் பாடம் அது. சென்றியக் கண்டா இறங்கு, சிரிக்காத, ஓடாத. கவனமா இருந்த சனம், ரூபி. உசிரைப் பிடிச்சுக்கொண்டு கவனமா இருந்த சனம். அதைப் போய்க் கவனக்குறைவு எண்டு உலகத்துக்கு எழுதியிருக்கீங்க. எனக்கு வாற கோவத்துக்கு அந்த ரின்னை நான் எறியவேணும்!

— எறியுங்கோவன். ஆர் வேண்டாமெண்டது?

— நீங்க சொந்தக்காரர் எண்டு தள்ளிவிட்ட அந்த முப்பத்திரண்டு பேரையும் ஒருக்காத் திறந்து பாருங்க. எந்த ஊர் எண்டு பாருங்க.

— வவுனியா. மட்டக்களப்பு. கட்டைபறிச்சான்ல ஒராள். மன்னார். லண்டன், ஆனா பேர் எங்கட பேர்.

— வாசிங்க, புள்ள.

— பெய்ரூட். பக்தாத். சரயேவோ.

— அவங்களுக்கு உறையேல்ல.

— உறையேல்லை. ‘சென்றிக்காரன்ர பகிடிதான் திறம்’ எண்டு எழுதியிருக்கினம். காணும். காணும், மூடுங்கோ. மூண்டு பத்தாகுது. இப்ப இவன் என்ன செய்யிறான்?

— ஆரு?

— சென்றிக்காரன். இறங்காமப் போறவளை என்ன செய்வான்? அதைத்தானே எழுத வேணும்.

— சுடுவான்.

— நானா!

— கேட்டீங்க, சொன்னன்.

— இது பகிடிக் கேம். சுட ஏலாது. பொறுங்கோ. அவ போற வேகத்துக்கு அவன்ர தொப்பி பறந்து மீன்பெட்டிக்குள்ள விழுது. வெறுந்தலையோட சலூட் அடிச்சு, ‘போயிட்டு வாங்கோ, மேடம்’ எண்டுறான்.

— அப்ப பறக்கிற தொப்பிக்குப் படம் வேணும்.

— கீறுங்கோ. நான் மற்றதை எழுதுறன். கதைக்காமக் கீறுங்கோ.

— தொப்பி முடிஞ்சுது. பாருங்க.

— என்ரையும் முடிஞ்சுது. மூண்டு முப்பத்தஞ்சு. ஏத்த முன்னம் ஒருக்கா இறங்காம ஓடிப் பாருங்கோ.

— நான் கவனமில்லாத ஆள்தானே. நீங்களே ஓடுங்க.

— தள்ளுங்கோ. எப்பிடி ரெஸ்ற் பண்ணுறதெண்டு பாத்துப் படியுங்கோ. கோமளா வாறா. நேர போறன். பாருங்கோ, நேர...

— ரூபி.

— என்ன?

— இறங்கிட்டீங்க.

— விரல் பட்டிட்டுது. திரும்ப ஓடுறன்.

— இறங்கிட்டீங்க.

— எனக்குக் கண் தெரியும்! அந்த இறங்கிற பட்டனுக்குக் கிட்ட விரல் இருக்கக் கூடாது. இடக்கையைப் பின்னால கட்டுறன். ஒரு கையால ஓடுறன், பாருங்கோ.

— இப்ப இறங்கேல்ல. நிண்டிட்டீங்க. சென்றிக்கு ரெண்டு முழம் முன்னால.

— முன்னால போற பட்டன்ல இருந்து விரல் தானா எழும்புது, நானா.

— எழும்பும்.

— ‘எழும்பும்’ எண்டு சாமியார் மாதிரிச் சொல்லாதேங்கோ, எனக்குப் பத்தி எரியுது! நீங்கள் ஓடுங்கோ பாப்பம்.

— தாங்க.

— இறங்கிட்டீங்கள்.

— ஓம்.

— மூண்டு நாப்பத்தெட்டு! நாலு வருசம் உழைச்சு, ஒரு பட்டன் அமத்த ஏலாம இருக்கிறம். வெளியில ஆரையெண்டாலும் கூப்பிடுவமோ?

— கூப்பிட்டு? வாறவனும் இறங்குவான். அந்த மீன் ரின்னைத் தாங்க.

— எறியவோ?

— முன்னால போற பட்டனுக்கு மேல வைப்பம். நாங்க ரெண்டு பேரும் கையை எடுப்பம். அதுவா ஓடட்டும்.

— வையுங்கோ. கையை எடுங்கோ, டக்கெண்டு!

— எடுத்திட்டன். நீங்களும் எடுங்க. மேசையில வைக்காதீங்க. மேல, நல்லா மேல தூக்குங்க.

— தூக்கிட்டன். போகுது, நானா. சென்றிக்காரன் பாக்கிறான்.

— பாக்கட்டும்.

— வாயைத் திறக்கிறான்.

— திறக்கட்டும், புள்ள. ரின்னைத் தொடாதீங்க.

— தொப்பி! தொப்பி பறந்திட்டுது! சலூட் அடிக்கிறான்! போயிட்டாள், நானா, கோமளா தாண்டிப் போயிட்டாள்!

— கையை இறக்குங்க, ரூபி.

— என்ன?

— ரெண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறம்.

— சீ! சிரிக்காதேங்கோ. எனக்குச் சிரிப்பு வரேல்லை, கோவம்தான் வருது. ஆரோட கோவமெண்டும் தெரியேல்லை. என்ர விரலுக்குள்ள இவ்வளவு காலமா ஆர் நிண்டவன்? ஆரைக் கேட்டு நிண்டவன்?

— முதல்ல ஏத்துங்க. நாலாகப் போகுது.

— ஏத்திட்டன். மூண்டு அம்பத்தாறு. போயிட்டுது.

— இப்ப குறிப்பு.

— அழிச்சிட்டன். புதுசு எழுதுறன், பிழையிருந்தாச் சொல்லுங்கோ. ‘காவலரணைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்காமலும் போகலாம் என்பது, இதை விளையாடிப் பார்த்த எங்கள் பன்னிரண்டு பேருக்கும் தெரியவில்லை. விளையாட்டில் திருத்திவிட்டோம்.’

— ஒரு பிழை இரிக்கு. விளையாடிப் பாத்த ஆக்கள் பதினொண்டு.

— பன்னிரண்டு, நானா.