பொறுமையுள்ள பெட்ரோல்

இல்ல சார், அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. வண்டியா? உள்ளதான் இருக்கு. தூசி படக்கூடாதுன்னு மூடி வெச்சிருக்கேன். பாக்கலாம் பாக்கலாம், அது எங்க ஓடிடப் போகுது? மொதல்ல டீயக் குடிங்க. உங்களுக்குக் கை சும்மா இருக்காதுன்னு தெரியும், அந்த மேஜையில கெடக்கறதுல எதையாவது எடுத்து உருட்டிக்கிட்டிருங்க. ஆங், அதுவே இருக்கட்டும். கனமே இல்ல பாருங்க, அலுமினியம். ஓட்டையா? அதுக்கு வரேன் சார்.

ஞாயித்துக்கிழமைதானே கார்ப் பந்தயம்? மறப்பேனா! நீங்களும் உங்க சகலையும். தோத்தவரு ஜெயிச்சவர மாமனார் வீட்டுல எல்லாரு முன்னாடியும், ஆயுசு முழுக்க, அண்ணேன்னு கூப்பிடணும். நீங்க மூத்த மாப்பிள்ளை, அவரு உங்கள விட எட்டு வயசு சின்னவரு. எந்தக் கிறுக்கன் சார் இப்படியெல்லாம் பந்தயம் கட்டுவான்? ...ஓ, நீங்கதானா? சரி சரி, அது பெரிய மனசு. அன்னிக்கு என் தோளப் புடிச்சுக்கிட்டு, தம்பி, என் மானத்த உன் கையில குடுத்திருக்கேன்னு சொன்னீங்களே, அது காதுலயே நிக்குது. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல.

ஆமா, இந்த ஆக்டேன் ஆக்டேன்னு சொல்றாங்களே, அது என்னன்னு நெனச்சீங்க? பலமா? எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. பலம் இல்ல சார், பொறுமை. பெட்ரோலோட பொறுமை. இன்ஜினுக்குள்ள பெட்ரோலையும் காத்தையும் சேத்துப் போட்டு நசுக்குறோம். எவ்வளவு நசுக்கினாலும், ப்ளக் பொறி வெச்ச பிறகுதான் அது எரியணும். ஆக்டேன் கம்மின்னா அந்த நிதானம் கெடையாது. சூடு ஏறினதும் அதுவா அங்கங்க வெடிச்சுத் தொலைக்கும். எங்க மச்சான் ஒருத்தன் இருக்கான், ஜோக் சொல்ல ஆரம்பிச்சா முடிக்கறதுக்குள்ள அவனே சிரிச்சிடுவான். அது எண்பத்தாறு ஆக்டேன். எங்க மாமியார் சமையலப் பத்தி நான் ஒரு வார்த்த சொன்னேன். அப்ப சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க. நாலு வருஷம் கழிச்சு, சொந்தக்காரங்க அம்பது பேரு கூடியிருக்கும்போது திருப்பிக் குடுத்தாங்க பாருங்க! அது தொண்ணூத்தெட்டு.

சாதா வண்டியில தொண்ணூத்தெட்டு ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாது சார், காசுக்குக் கேடு. ஆனா உங்க வண்டி இப்ப சாதா இல்லையே. லேப்டாப்ப மாட்டி, பொறி வைக்கிற நேரத்த முன்னாடி இழுத்தேன், காத்த உள்ள தள்ளற டர்போ அழுத்தத்த ஏத்தினேன். தாங்கற வரைக்கும் ஏத்தினேன். எல்லாம் தொண்ணூத்தெட்ட நம்பித்தான். பறந்துச்சு சார்! சத்தியமா சொல்றேன், பதினோரு நிமிஷம் பறந்துச்சு.

என்ன பதினோரு நிமிஷமா? இருங்க, சொல்றேன். டீ ஆறிடும், குடிங்க.

யாரும் தெரியாத்தனமா வேற பெட்ரோல ஊத்திடக் கூடாதுன்னு, டேங்க் மூடி மேல என் கைப்பட மஞ்ச பெயிண்ட்ல 98னு எழுதி வெச்சேன். முத்து முத்தா. வேற ஒண்ணும் எழுதல, ஆக்டேன்னு கூட எழுதல, அழகு கெட்டுடும்னு. நேத்து காலையில டெஸ்ட் ஓட்டத்துக்கு முன்னாடி பங்க்குல நிறுத்தினேன். பெட்ரோல் போடற அம்மா, எது போடணும்னு கேட்டாங்க. மூடியிலயே எழுதியிருக்கு, பாத்துப் போடுங்கன்னு பெருமையா சொல்லிட்டு, நான் பக்கத்து வண்டிக்காரரோட பேசிக்கிட்டிருந்தேன். என்ன பேசினேனா? இதேதான். ஆக்டேன்னா என்னன்னு.

அந்தம்மா மேல தப்பே இல்ல சார். மூடி ரவுண்டு. திருகி எடுத்துக் கையில வெச்சா, எது மேலு எது கீழுன்னு யாருக்குத் தெரியும்? அந்தத் தொண்ணூத்தெட்ட விரலால காத்துல எழுதி, தலைகீழாப் பாருங்க. ...ஆங். அதேதான். எண்பத்தாறு.

சத்தம் கேக்காம இல்ல. டக்டக்னு கேட்டுச்சு. முன்னாடி கெடந்த உங்க மூக்குக் கண்ணாடிப் பெட்டிதான் ஆடுதுன்னு நெனச்சு, அத எடுத்துப் பின் சீட்டுல வெச்சுட்டு இன்னும் கொஞ்சம் மிதிச்சேன். கண்ணாடிப் பெட்டி பத்திரமா இருக்கு சார், ஒரு கீறல் இல்ல.

அந்த ஓட்டையக் கேட்டீங்கல்ல? கையில வெச்சிருக்கீங்களே, அது பிஸ்டன், அந்த எண்பத்தாறு வெடிச்சுத் துளைச்சது. உங்களுதுதான். ஐயோ, அது வழியா என்னைப் பாக்காதீங்க சார். மத்த மூணும் நல்லாத்தான் இருக்கு. புதுசு வர பத்து நாளாகும், செலவு முழுக்க என்னோடது, பேச்சே இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமைக்கு நடுவுல மூணு நாள்தானே இருக்கு?

அதான் யோசிச்சேன். இத்தன வருஷம் அவர வாடா போடான்னு கூப்பிட்ட வாயி, திடீர்னு சபையில திரும்பாது சார், கொழறும். இப்பவே ஆரம்பிச்சா பழகிடும். வேற யாரும் இல்ல இங்க. என்னை உங்க சகலையா நெனச்சுக்கங்க. எங்க, ஒரே ஒரு தடவ, வாய்நெறைய சொல்லுங்க பாப்போம்.

அண்ணே.