அறுக்காத அரைஞாண்

"படு! படுத்துக்க!"

அண்ணன் கத்துகிறார். விழுகிறோம். தலைக்கு மேலே விமானம். தையல் மிஷின் ஓடுகிற மாதிரி துப்பாக்கிச் சத்தம். புழுதி துள்ளுகிறது. அப்புறம் ஈயின் சத்தம் மட்டும். ஏழு பேர் படுத்தோம். ஐந்து பேர் எழுந்தோம்.

1942. பங்குனி. ரங்கூன் எரிந்தபின் ஊருக்கு நடக்கிறோம். அண்ணனும் நானும் அங்கே ஒரே அரிசி மில்லில் பன்னிரண்டு வருஷம். மற்றவர்களும் மேலூர்ப் பக்கத்து ஆட்களே. பர்மா எல்லையில், தாமு ஊரை ஒட்டிய மலைப்பாதையில் வாந்திபேதி. மூன்று பேரை இலை போட்டு மூடினோம். மிச்சம் நாங்கள் இருவர்.

வைகாசியில், வெயில் உச்சியில் நிற்க, மேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தனியாக. போலீஸ்காரர் பெயர் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். டீக்கடைக்காரர் என் காலைப் பார்த்தார்.

"நடந்தா வந்தீக, ரங்கூன்காரரே? செருப்பு புதுசால்ல இருக்கு."

கல்கத்தாவில் தானமாகக் கொடுத்தது என்றேன். சிரித்தார். தூரத்தில் பாறைக்கு வேட்டு வைத்தார்கள். தரையில் விழுந்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

வீட்டு வாசலில் மதினி. அண்ணனின் மனைவி. செம்பில் தண்ணீர் தந்தார். எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"அவுக எங்க?"

ரயிலில் வழியெல்லாம் கட்டிவந்த பொய்யைச் சொன்னேன். "என் மடியிலதான் மதினி உசிரு போச்சு. நானே குழி வெட்டுனேன்." சாட்சிக்கு அண்ணனின் அரைஞாணைக் கொடுத்தேன். கறுப்புக் கயிறு. வெள்ளித் தாயத்து.

கூடியிருந்த தெருப் பெண்கள் ஒப்பாரிக்கு வாய் திறந்தார்கள். மதினி கை காட்டி நிறுத்தினார். கயிற்றை வெளிச்சத்தில் பிடித்து ஒரு முனை பார்த்தார். மறுமுனை பார்த்தார்.

"தம்பி, செத்தவுகளுக்கு இத அறுத்துதான எடுப்பாக?"

"ஆமா மதினி."

"இது அறுக்கலயே. முடிச்ச அவுத்திருக்கு. யாரு அவுத்தது?"

 எங்கள் பக்கத்தில் ஆணின் இடுப்புக்கயிறு அவன் பிணமானபின் அறுபடும். ஒரு கத்தி போதும், என் பொய் நின்றிருக்கும். அது எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த மலைப்பாதையில், மூங்கில் புதரடியில் அண்ணன் சாய்ந்திருக்கிறார். கால் எழவில்லை. முடிச்சை அவரே அவிழ்க்கிறார். "அவகிட்டக் குடு." மறுபடி அந்தத் தையல் மிஷின் சத்தம். "ஓடுடா! ஓடு!" ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. வெகுதூரம் போனபிறகே தெரிந்தது, இருந்த ஒரே தண்ணீர்க் குடுவை என் தோளில்.

குடுவையையும் மறைக்காமல் எல்லாம் சொன்னேன். மதினி அழவில்லை.

"அப்ப, அவுக தாகத்தோட இருப்பாக."

பாதி குடித்த செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஐந்து வருஷமாகிறது. அந்த வீட்டில் சோறு உண்டு எனக்கு. தண்ணீரை நானே மொண்டு குடிக்கிறேன்.

புறப்பட்டவர் ஏழு. விமானத்துக்கு இரண்டு. பேதிக்கு மூன்று. ஊர் சேர்ந்தது ஒன்று. ஏழாவது ஆளை நான் எதிலும் எழுதவில்லை. மதினி கழுத்தில் தாலி இருக்கிறது.