கங்-ஹோ என்றால் என்ன?

எர்ணாவூர்ப் பேருந்தின் படியில் ஐந்து பேர் தொங்கினார்கள். யார் விழுவாரோ என்று எனக்குக் கவலை. அவர்களில் ஒருவன் கன்டெய்னர் கிடங்கில் நேர்காணல் முடித்து வந்தவன்.

“மேனேஜர் என்னை ‘நீ ரொம்ப கங்-ஹோ’ன்னாரு மாமு. இன்னா அது?”

பக்கத்தில் தொங்கிய நண்பன் ஒரு கையால் போனில் தேடினான். “சீன வார்த்தைடா. ஒண்ணா சேந்து வேலை செய்றதாம்.”

“அப்ப வேலை கன்ஃபார்ம்!”

“இரு. இங்கிலீஷ்ல வேறயாம். முன்ன பின்ன பாக்காம பாயறவனாம். நீ இன்னா சொன்ன?”

“கன்டெய்னர் பெட்டி மேல சேஃப்டி பெல்ட் இல்லாமயே ஏறுவேன்னேன்.”

“போச்சு.”

“இன்னா போச்சு? இப்பவே போய், பெல்ட் போட்டுகினுதான் ஏறுவேன்னு சொல்லிட்டு வரேன்.”

பேருந்து நிற்குமுன்பே குதித்து ஓடினான். படியில் நான்கு பேர்.