பன்னெண்டாவது பொட்டி

இல்ல பாப்பா, நீயே நியாயத்தச் சொல்லு. கூடப்பொறந்த தங்கச்சி வூட்டுல, கூடத்துத் தரையப் பாதியில வுட்டுட்டு, சிமிட்டி பூசற கரணையக் கழுவிப் பையில போட்டுக்கினு ஒரு மனுசன் கெளம்பிப் போவலாமா? அதுவும் காதுகுத்துக்கு ஒரு வாரம் இருக்கச்சொல்ல! கொத்தனாருன்னா அப்பிடி இன்னா ரோசம்...? செத்த தள்ளி ஒக்காரும்மா, பைய மடியில வச்சிக்கிறன். கனமா? டைல்ஸும்மா. முழுசு இல்ல, முக்கா டைல்ஸு. ஒரு மூலைய வெட்டி எடுத்தாச்சி. இதே நெறத்துல கெடைக்குதான்னு பாக்கத்தான் போறன். காதுல இருக்கறத எடுத்துடு பாப்பா, நான் ஒருத்தி பேசறன்ல.

எனக்கு பாகூரு. செல்வகுமாரின்னு கேளு, ஏரிப்பக்கம் யாரும் வூட்டக் காட்டுவாங்க. கரும்பு போட்டிருக்கோம். இப்பதான் கூடத்த இழுத்துக் கட்டுனோம். எங்கண்ணன் பக்கிரிதான் கொத்தனாரு, பூரணாங்குப்பத்துல இருக்குது. வர்ற ஞாயித்துக்கெழம எங்க சின்னவ வெண்ணிலாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில ஒக்கார வச்சிதான குத்தணும்? எனக்கு இருக்கறது ஒரே அண்ணன். அது வராட்டி கொழந்தைய யாரு மடியில வைக்கிறது, பஸ்ஸு கண்டக்டரு மடியிலயா? சிரிக்காத பாப்பா.

இன்னா நடந்துச்சின்னு கேளு. கூடம் நீளம் பன்னெண்டரை அடி, அகலம் பத்தரை அடி. அண்ணன் டேப்பப் புடிச்சி அளந்துச்சி, நான் கணக்குப் போட்டன். பத்தாவதுல கணக்குல எழுவத்தெட்டு மார்க்கு நானு, அத மறந்துடாத. பன்னெண்ட பத்தால பெருக்கு, நூத்தியிருவது. அரைய அரையால பெருக்கு, கால். நூத்தியிருவதே கால். முடிஞ்சிது! அடிக்கு அடி டைல்ஸு, பொட்டிக்குப் பதினொண்ணு இருக்கும். பதினோரு பொட்டி வாங்குனா நூத்தியிருவத்தொண்ணு. முக்கா டைல்ஸு மிச்சமே ஆவுது... இன்னா நெத்தியச் சுருக்கற? நீ காலேஜுல கணக்கா படிக்கிற? இல்லியா? அப்ப கம்முனு கேளு.

எங்கண்ணன் அஞ்சாவதோட நின்னுடிச்சி. அது சொல்லுது, பன்னெண்டு பொட்டி வாங்கு குமாரின்னு. ஏதோ ஓரம் கீரம்னு இழுத்துச்சி. அதுக்கு முந்தன வாரந்தான் எங்கண்ணி, பாத்ரூம் தரை பேந்துபோச்சி, கொழந்தைங்க வழுக்கி வுழுதுங்கன்னு பொலம்பிட்டுப் போனாங்க. நான் ரெண்டையும் சேத்து முடிச்சிப் போட்டன். "அண்ணே, உன் பாத்ரூமுக்கு ஒரு பொட்டி வேணும்னா நேரா கேளு, ஏன் சுத்தி வளைக்கிற"ன்னு கேட்டுட்டன். ஒயரு இழுக்க வந்த எலக்ட்ரீசியன் இருந்தான், எங்க வூட்டுக்காரரு இருந்தாரு, அவுங்க முன்னாடியே. சும்மா வெளையாட்டுக்கு... இல்ல, பாதி வெளையாட்டுக்கு.

அது ஏதோ சொல்ல வந்துச்சி, நான் வுடல. வேலைய ஆரம்பிச்சிது. ரெண்டு நாளு போட்டுச்சி. பாத்தா, நூத்தியிருவதும் முடிஞ்சிபோச்சி, கூடத்துல ரெண்டு பக்கத்துச் சொவரு ஓரமும் அரையடி அகலத்துக்கு வெறும் சிமிட்டியா கெடக்குது! எனக்கு வந்துச்சி பாரு கோவம். "வேணும்னே ஓரத்தக் காலியா வுட்டு இன்னொரு பொட்டி வாங்க வைக்கிறியா? என் கணக்குல நூத்தியிருவதே கால், அந்தக் கால் எங்க?"ன்னு கேட்டன். மிச்சம் இருந்த ஒரு டைல்ஸ எடுத்துச்சி, கால் பங்கு வெட்டுச்சி, கடைசி மூலையில கொண்டும்போயி ஒட்டுச்சி. "இந்தா உன் கால்"னுச்சி. கரணையக் கழுவுச்சி. போயிடிச்சி. சுத்தி வெறும் சிமிட்டி, நடுவுல அந்தத் துண்டு மட்டும் தனியா, பந்தியில எடம் கெடைக்காத ஆளு மாதிரி ஒக்காந்திருக்குது.

கைய இன்னாத்துக்குத் தூக்கற? இரு பாப்பா, இன்னும் இருக்குது. இதுக்கு அப்புறந்தான் கதையே. நீ இன்னா எழுந்து எழுந்து ஒக்கார்ற, சீட்டு சுடுதா?

நேத்து சாயங்காலம் எங்க பெரியவ நிவேதா, ஆறாவது படிக்கிறா, கணக்கு நோட்டத் தூக்கிக்கினு வரா. "நீ சொல்லிக்குடுத்தது தப்பும்மா, டீச்சரு செவப்புல சுழிச்சிட்டாங்க"ங்கறா. ரெண்டரைய ஒண்ணரையால பெருக்கணும். நான் ரெண்டே கால்னு சொல்லியிருந்தன். அவ சொல்றா, ரெண்டரைய அஞ்சு பை ரெண்டுன்னு மாத்தணுமாம், ஒண்ணரைய மூணு பை ரெண்டுன்னு மாத்தணுமாம். மேலயும் மேலயும் பெருக்குனா பதினஞ்சு, கீழயும் கீழயும் பெருக்குனா நாலு. பதினஞ்சு பை நாலு, மூணே முக்கால். நான் வுடுவனா? டீச்சருக்கு இன்னாடி தெரியும், புதுசா வந்தவங்கன்னன்.

உடனே அவ ஒரு கட்டம் வரைஞ்சா. நாலா பிரிச்சா. "ரெண்டையும் ஒண்ணையும் பெருக்கறது இந்தக் கட்டம், அரையையும் அரையையும் பெருக்கறது இந்த மூலைக் கட்டம், நீ சொன்னது இவ்ளோதாம்மா"ன்னு அந்த ரெண்டுக்கும் கலர் அடிச்சா. மிச்ச ரெண்டு கட்டமும் வெள்ளையா நிக்குது. ரெண்டுல பாதி ஒண்ணு, ஒண்ணுல பாதி அரை, இதையும் சேக்கணும்ங்கறா. சொல்லிட்டு நோட்டப் பாக்கறா, தரையப் பாக்கறா, வுழுந்து வுழுந்து சிரிக்கறா. "யம்மா, நம்ம கூடம் மாதிரியே இருக்குது!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி பாப்பா. பன்னெண்டடி நீளத்துக்கு அரையடிப் பட்டை, அது ஆறு டைல்ஸு. பத்தடிக்கு அரையடிப் பட்டை, அது அஞ்சு. ஆறும் அஞ்சும் எத்தினி? பொட்டிக்கு எத்தினி சொன்னன்? பதினொண்ணு! அஞ்சாவது படிச்ச மனுசன் கண்ணால பாத்துச் சொன்ன கணக்கு, ஒரு டைல்ஸு கூட இல்ல, ஒரு டைல்ஸு கொறைவில்ல. அதப் போயி திருடனக் கேக்கற மாதிரி கேட்டுட்டன்.

தவளக்குப்பம் வந்துடிச்சா? வழி வுடு, நான் இங்கதான் எறங்கணும். கடையா? கடைக்கு இன்னாத்துக்குப் போறன்? அது சும்மா சொன்னது, பூரணாங்குப்பத்துக்கு அண்ணன் வூட்டுக்குத்தான் போறன். பன்னெண்டாவது பொட்டி காலையிலயே வூட்டுக்கு வந்துடிச்சி. பாகூரு கடையில இந்த முக்காலக் காட்டுனன். கடைக்காரரு உள்ள போயி ஒரு பொட்டியத் தூக்கியாந்து வைக்கறாரு. "உங்கண்ணன் அன்னிக்கே வந்து சொல்லிட்டுப் போச்சிம்மா, எந்தங்கச்சி எப்பிடியும் வருவா, இந்த நெறத்துல ஒண்ண மட்டும் வித்துடாதீங்கன்னு"ங்கறாரு. கோவிச்சிக்கினு போன அன்னிக்கேம்மா! கடையிலயே அழுதுட்டன். பையில டைல்ஸுக்குப் பக்கத்துல வெத்தல பாக்கு, வாழப்பழம் எல்லாம் வச்சிருக்கன். இந்த முக்கால அது கையில குடுத்து, கால்ல வுழுந்தாவது கூட்டியாந்துடணும்.

இன்னாது...? நீ கிருமாம்பாக்கத்துல எறங்கணுமா? அது எப்பவோ போயிடிச்சே! அடிப்பாவி, வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? ஓ... அதுக்குத்தான் கையத் தூக்குனியா? நாந்தான் இரு இருன்னு...

எங்கண்ணனும் இப்பிடித்தான் பாப்பா. மூணு வாட்டி வாயத் தொறந்துச்சி.

சரி வா, எறங்கு, எங்கையப் புடிச்சிக்க. எதிர்த்தாப்புல கிருமாம்பாக்கம் வழியா போற பாகூரு பஸ்ஸு வரும், ஏத்தி வுட்டுட்டுத்தான் போவன். அது வர்ற வரைக்கும் நீ பேசு, நான் வாயத் தொறக்காம கேக்கறன். அண்ணன் வூட்டுக்குப் போறதுக்குள்ள எனக்கும் கொஞ்சம் பழக்கமாவணும்ல.