கறுப்புப் பட்டைக்கு அடியில் இருந்த பெயர்

நான் இந்த நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடமாகத் தட்டச்சராக இருக்கிறேன். வயது ஐம்பத்தொன்று. பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பெரியக்கா என்பார்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். வற்புறுத்தல் இருந்தது, ஆனால் வேறு மாதிரிச் சொல்லும்படி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மனுதாரர் ஒரு பள்ளி ஆசிரியை. பிறந்து ஒன்பதாம் நாள் குழந்தை இறந்ததில் மனம் உடைந்து, மனநல மருத்துவமனையில் ஏழு வாரம் சிகிச்சை பெற்றவர். அவருடைய சிகிச்சை விவரங்களை மருத்துவமனை அவரைக் கேட்காமலே ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டது. அதை அழிக்கச் சொல்லித்தான் அவர் நீதிமன்றத்துக்கு வந்தார். ஒருவருடைய நோயைப் பற்றிய விவரம் அவருக்கே உரியது, அவர் சம்மதமில்லாமல் யாரும் கைமாற்றக் கூடாது என்று நீதிபதி ஐயா சொல்லச் சொல்ல நான்தான் தட்டினேன். தட்டும்போது எனக்கே பெருமையாக இருந்தது. தீர்ப்பை இணையத்தில் போடும்போது மனுதாரரின் பெயர், பள்ளி, நோய் மூன்றையும் மறைக்க வேண்டும் என்று கடைசிப் பத்தியில் உத்தரவு இருந்தது.

மறைப்பது என் பொறுப்பு. காகிதத்தில் வேலை செய்த காலத்தில் பெயர்மேல் கறுப்பு மை பூசி, காயவைத்து, நகல் எடுத்து, அந்த நகலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். ஓர் எழுத்தின் நிழல் தெரிந்தாலும் மறுபடி பூசுவேன். இதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம் எனக்கு உண்டு. இந்தத் தீர்ப்புக்கும் அதையே செய்தேன். கணினியில் பதினேழு இடங்களில் கறுப்புப் பட்டை போட்டேன், அச்செடுத்தேன், ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அதன்பின் கணினியில் இருந்ததை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

எட்டாம் நாள் கணினிப் பிரிவுத் தம்பி என் மேசைக்கு வந்தார். அந்தப் பட்டைமேல் சுட்டியை இழுத்து, நகலெடுத்து, வெற்றுப் பக்கத்தில் ஒட்டினார். பெயர் வந்தது. பள்ளி வந்தது. நோயும் வந்தது. நான் எழுத்தை மூடியிருந்தேனே தவிர அழிக்கவில்லை. உடனே பக்கத்தை எடுத்துவிட்டோம், ஆனால் அதற்குள் அந்த ஆசிரியையின் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் அது சுற்றிக்கொண்டிருந்தது.

அதன்பின் நடந்ததை அவரே வந்து சொன்னார். பள்ளியில் யாரும் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்திரண்டு பேரைப் பெற்றோர் வேறு வகுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு தாய் வாசலிலேயே நின்று, "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், எங்களுக்குப் பயமா இருக்கு" என்று சொல்லித் தன் மகளின் பையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஆசிரியை அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார்.

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. "நான் வீட்டோட சும்மா இருந்திருந்தா ரெண்டு ஆபீஸுக்குத்தான் தெரிஞ்சிருக்கும், அக்கா. என்னைக் காப்பாத்துங்கன்னு இங்க வந்தேன். இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார். அவர் படியிறங்கிப் போன பிறகு அழுதேன். இன்றும் ஒரு தீர்ப்பைத் தட்ட உட்கார்ந்தால் அழுகை வருகிறது.

மறுநாள் கண்காணிப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மென்பொருள் கோளாறுன்னு எழுதிக் குடுத்துடுங்க பெரியக்கா, நமக்கு எதுக்கு வம்பு" என்றார். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். மென்பொருளில் கோளாறு எதுவுமில்லை. கணினியில் எப்படி மறைப்பது என்று நான் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. வயதில் சின்னவர்களிடம் போய்க் கேட்பதா என்ற வீம்புதான் காரணம்.

அதன்பின் அந்த ஆசிரியையின் பெயரைச் சொல்லும்படி, இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் விசாரணை அதிகாரி கேட்டார். சொல்ல முடியாது என்றேன். "கோப்பிலேயே இருக்கு, சம்பிரதாயத்துக்குத்தான் கேக்கறேன்" என்றார். கோப்பில் இருக்கட்டும் என்றேன். சொல்ல மறுத்ததற்கும் சேர்த்தே நடவடிக்கை வரும் என்று எச்சரித்தார். வரட்டும் என்றேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, உண்மை. இதில் இல்லாத ஒரு பெயர் எனக்குத் தெரியும், தெரிந்தே சொல்லவில்லை.

(ஒப்பம்)
தட்டச்சர்