டப்பிக்குச் சதை பிடித்த கதை

இந்த அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது, டாக்டரம்மா. எங்கள் வீட்டில் எல்லா அறைக்கும் ஏசி போட்டுவிட்டார்கள். எனக்கென்னவோ இந்தக் காற்றுதான் ஒத்துக்கொள்கிறது. கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் எழுதிக் கொடுத்த ஊசி மருந்தை வாங்க என் மகன் மகேஷ்குமார் பஜாருக்குப் போயிருக்கிறான். மருமகள் ரோஷினி வெளியே பெஞ்சில் இருக்கிறாள். பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். கூப்பாடு போடும்படி இதில் ஒன்றும் இல்லை. சுகிர்தா என்று வாசல் பலகையில் படித்தேன்; பெயருக்கு ஏற்றபடி நிதானமானவராகத்தான் தெரிகிறீர்கள்.

"நாய்க்கு யாரோ மாத்திரை குடுத்திருக்காங்க. என்ன மாத்திரை, எவ்வளவு குடுத்தாங்கன்னு தெரிஞ்சாத்தான் இதைக் காப்பாத்த முடியும்" என்று நீங்கள் சொன்னதும் என் மகனும் மருமகளும் சோலையம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சோலையம்மாள் எங்கள் வீட்டில் சமையல் ஒத்தாசைக்கு இருப்பவள். டப்பியைத் துண்டில் சுற்றிக் காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான். "எம் பேரப்புள்ள மேல சத்தியமா நான் ஒண்ணும் குடுக்கலம்மா" என்று அழுதாள். மகேஷ் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, இனிமேல் வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். அவள் கொடுத்தாள் என்று நான் சொல்லவில்லை. கொடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒருத்தர் மேல் பழி போடும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

டப்பி எங்கள் வீட்டுக்குச் சீர்வரிசையோடு வந்தது. ரோஷினி கோயம்புத்தூரில் வளர்ந்த பெண். அவள் வைத்த பெயர் டஃபி. எங்கள் வாயில் நுழையும்போது அது டப்பியாகிவிட்டது. நீண்ட உடம்பு, காலென்று சொல்ல ஏதோ நாலு. என் வீட்டுக்காரர் இராமகிருஷ்ணன் முதல் நாள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னம்மா ரோஷினி, செஞ்சவன் காலு வைக்கும்போது சாமான் தீந்துபோச்சா?" என்று கேட்டார். ரோஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல பிள்ளை. மாமனார் கேலிக்கு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளாத மருமகள் எத்தனை வீட்டில் இருக்கிறாள்?

எங்களுக்கு எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி. ஆர்டர் கொடுக்க வருகிறவர், லோடு ஏற்ற வருகிறவர் என்று வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும். 'சாப்பிட்டீகளா' என்று கேட்காமல் ஒருவரையும் நான் படி இறங்கவிட்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டு நாய்க்கு விலா எலும்பு தெரிந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ரோஷினியிடம் சொன்னால், "அத்தை, இந்த வகை ஒல்லியாத்தான் இருக்கணும். வெயிட் போட்டா முதுகு போயிரும்" என்பாள். கிண்ணத்தில் அளந்துதான் வைப்பாள். அவளும் அளந்துதான் சாப்பிடுவாள். மூன்றாவது இட்லியை எடுத்துப்போனால் தட்டைக் கையால் மூடிக்கொள்வாள்.

என் நாத்தனார் அருணாதேவியின் பேரனுக்குக் காது குத்தினார்கள். டப்பியும் கழுத்தில் பட்டையோடு வந்திருந்தது. பந்தி நடுவே, அத்தனை சம்பந்தகாரர்களும் காது கேட்க அருணாதேவி சொன்னாள்: "என்ன மதினி, இந்த வருசம் சீசன் டல்லா? மருமகளும் ஒட்டிப்போய்க் கெடக்கா, நாயும் ஒட்டிப்போய்க் கெடக்கு. ரெண்டுக்கும் ஒரே பானையில கஞ்சி ஊத்துறீகளோ?"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் டாக்டரம்மா, வயிறு எரிந்தது. ஊருக்கே விருந்து வைத்த கையை ஒரே வாக்கியத்தில் பிச்சைக்காரி கையாக்கிவிட்டாள். ரோஷினிக்கு அது உறைக்கவேயில்லை. "பெரியம்மா செம ஜாலியா பேசுறாங்க அத்தை" என்றாள்.

மறுநாள் காலையில் செந்தூர்பாண்டியின் மருந்துக்கடைக்குப் போனேன். "வீட்டுல ஒண்ணு சவலையா இருக்கு. சதை போட ஏதாச்சும் இருக்காப்பா?" என்றேன். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. "சீட்டு இல்லாம இதக் குடுக்கக்கூடாது. நீங்க கேக்கீக, இல்லேன்னு சொல்ல முடியுமா?" என்று உள்ளே போய் ஒரு அட்டையை எடுத்து வந்தான். "பசி பசின்னு அலையும் பாருங்க. உடம்பு பூசுனாப்புல ஆயிரும்."

குட்டி வெள்ளை மாத்திரை. அதைக் கருப்பட்டி மிட்டாய்க்குள் வைத்துக் கொடுத்தேன். டப்பி மெல்லக்கூட இல்லை, விழுங்கிவிட்டு அடுத்த மிட்டாய்க்கு என் முகத்தைப் பார்த்தது. தினமும் காலையில் ரோஷினி ஓடப் போகும் நேரத்தில் இது நடக்கும். வாலை ஆட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் எனக்காகக் காத்திருக்கும். ஒரு ஜீவன் அப்படிக் காத்திருந்தால் மனசு எப்படி இளகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு டப்பியைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

செந்தூர்பாண்டி பொய் சொல்லவில்லை. வயிறு வந்தது பாருங்கள், அப்படியொரு வயிறு. என் வீட்டுக்காரர் தன் தொந்தியை ஒரு தடவையும் டப்பியின் தொந்தியை ஒரு தடவையும் தட்டிப் பார்த்து, "இப்பத்தான்லே நீ முதலாளி வீட்டு நாயி" என்றார். பசி என்றால் சாதாரணப் பசி இல்லை. ஆயுத பூஜைக்குப் படைத்த பொரிகடலையை, தீபாராதனை முடிவதற்குள் காலி செய்துவிட்டது. சாத்தூரிலிருந்து வந்த சேவுப் பொட்டலத்தைக் காகிதத்தோடு தின்றது.

அடுத்து தாகம் வந்தது. கிண்ணத்தை முடித்து, வாசல் தெளிக்க வைத்திருந்த வாளிக்குப் போகும். குடித்தது உள்ளேயா இருக்கும்? கூடம், மாடிப்படி, கணக்குப்பிள்ளை நாற்காலிக்கு அடி என்று பாரபட்சம் இல்லாமல் போய்வைத்தது. என் வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து சிவப்பு வாளிகளை மணலோடு கொண்டுவந்து அறைக்கு ஒன்றாக மாட்டினார். தீக்கு வைக்கிற மணலை நாங்கள் மூத்திரத்துக்கு வைத்தோம். "சோதனைக்கு வார ஆபீசர் நம்ம வீட்டப் பாத்தார்னா கையெடுத்துக் கும்பிடுவார்" என்று அவர் சொல்ல, ரோஷினிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

தீபாவளி முடிந்து விலாப்பக்கத்தில் முடி கொட்டியபோதுதான் அவள் உங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். நீங்கள் குஷிங் நோய் என்றீர்கள். வீட்டில் வந்து சொன்னால் இவர், "குஷியா? பேரே குஷின்னா அதுல நோய் எங்கருந்து வந்துச்சு?" என்கிறார். அன்றிலிருந்து டப்பி எங்கே நனைத்தாலும், "ஏ பொன்னுத்தங்கம், இங்கன குஷி ஆயிருச்சு, மணலக் கொண்டா" என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

உடம்புக்குள் சுரக்கும் ஒன்று அளவுக்கு மீறினால் இது வரும், அதே சத்துள்ள மாத்திரை கொடுத்தாலும் வரும், எது என்று இன்னொரு ரத்தப் பரிசோதனையில் தெரியும், அதுவரை நோய்க்கான மருந்தை ஆரம்பிக்க வேண்டாம் என்றீர்கள். வீட்டில் ஏதும் மாத்திரை கொடுக்கிறீர்களா என்றும் கேட்டீர்களாம். ரோஷினி இல்லை என்றாளாம். அவளுக்குத் தெரிந்த மட்டில் அது உண்மைதானே. என்னை யாரும் கேட்கவில்லை.

அவள் அந்த நாயைப் பார்த்துக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பூட்டிவைக்கக் கூடாது, தாகம் நோயின் வேலை, நாயின் குற்றமில்லை என்று நீங்கள் சொன்னதை வீட்டில் எல்லாருக்கும் பாடம் எடுத்தாள். எவ்வளவு குடிக்கிறது என்று அளந்தாள். வெயில் ஏறுமுன் தெருமுனை வரை மெல்ல நடத்திக் கூட்டிவந்தாள். தையல் டேப்பை எடுத்து அதன் வயிற்றைச் சுற்றி அளந்துவிட்டு, ஒருநாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் என்ன தப்பு பண்ணுனேன்னு தெரியல அத்தை" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டேன். சட்டென்று, ஒரேயடியாக. கெட்டதென்று தெரிந்த பிறகு அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

அப்படி நிறுத்தியதுதான் இப்போது டப்பி தலை தூக்காமல் கிடப்பதற்குக் காரணம் என்று உங்கள் பேச்சிலிருந்து விளங்கிக்கொண்டேன். வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் உள்ளே சுரப்பது தூங்கிப்போகும், இரண்டும் இல்லாத உடம்பு சரிந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட வேண்டும் என்றீர்கள். இதைச் செந்தூர்பாண்டி சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவன் பிழை.

இதோ அந்த மாத்திரை அட்டை. மணிபர்சிலேயே வைத்திருக்கிறேன். டப்பிக்குக் காலையில் ஒன்று, ஆடியில் ஆரம்பித்தது. இனி உங்கள் பாடு. அது பிழைத்துக்கொள்ளும் என்றுதானே சொல்கிறீர்கள்? சந்தோஷம். சோலையம்மாளுக்கும் போன் போட்டு நானே வரச்சொல்லிவிடுகிறேன். அவள் இல்லாமல் நாளைக்கு மாவாட்ட ஆளில்லை.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். பாதி பாதியாக உடைத்த மாத்திரை எதற்கு என்று கேட்கிறீர்கள். கெட்டிக்காரர்தான் நீங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. புதுசாக ஒரு ரகம் போட்டால் அதில் ஒன்றைத் திடலில் வெடித்துப் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டோம். என் வீட்டுக்காரர் போர்மேனிடம் கத்துவதை நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன்: "ஏலே, சாம்பிள் போட்டுப் பாக்காம லோடு ஏத்துன, தொலைச்சிருவேன்." பட்டாசுக்கே அப்படியென்றால், வாழ வந்த பெண் விஷயத்தில் நான் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்திருப்பேன். டப்பிக்கு நல்லபடியாகச் சதை பிடித்த பிறகுதான் ரோஷினிக்கு ஆரம்பித்தேன். அவளுக்குப் பருத்திப்பால் என்றால் உயிர். சுக்கும் கருப்பட்டியும் தூக்கலாகப் போட்டால் எந்தக் கசப்பும் தெரியாது. முதலில் பாதி. நாயைவிடப் பெரிய உடம்பு ஆயிற்றே என்று அப்புறம் ஒன்று, ஒன்றரை.

அவளுக்கும் நன்றாகவே பிடித்தது. கன்னத்து எலும்பு போன இடம் தெரியவில்லை. மூன்றாவது இட்லி என்ன, ஏழாவதும் தானே கேட்டு வாங்கினாள். செம்புச் செம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு, "டப்பிக்கு வந்த குஷி எனக்கும் வந்துருச்சு போல அத்தை" என்று அவளே கேலி பண்ணினாள். அதற்கு முன்னாலேயே, தீபாவளிக்கு வந்த அருணாதேவி வாயைப் பிளந்துவிட்டாள். "மதினி, ஒங்க கைக்கு என்ன ராசியோ, மருமக மொகம் நிலா மாதிரி ஆயிருச்சே" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் எவ்வளவு காத்திருந்தேன் தெரியுமா? அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

நிறுத்தும்போது இருவருக்கும் ஒரே நாளில்தான் நிறுத்தினேன். ஓரவஞ்சனை எனக்குத் தெரியாது. இன்று காலையில் ரோஷினி வாந்தி எடுத்தாள், தலை சுற்றுகிறது என்றாள். மாசமும் தள்ளிப்போயிருக்கிறது. மகேஷ் பூரித்துப்போய்விட்டான். நல்ல சேதிதான் என்று நானும் அருணாதேவிக்குச் சொல்லிவிட்டேன். இங்கே வரும்போதுகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். வெளியே பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறாள், பாவம், அசதி.

ஏன் எழுந்துவிட்டீர்கள், டாக்டரம்மா? கதவைத் திறக்காதீர்கள். ஆம்புலன்சு, பெரிய ஆஸ்பத்திரி என்று போனால் விஷயம் ஊர் பூராவும் பரவிவிடும், அவள் மனசும் சங்கடப்படும். அவளுக்கு என் மேல் உயிர். நீங்கள் உட்கார்ந்து, டப்பிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிற கணக்கை மட்டும் தெளிவாக எழுதிக் கொடுங்கள். ரோஷினியின் எடை எனக்குத் தெரியும், நானே பெருக்கிக்கொள்கிறேன்.